எதிர் மேசைக்கு ஒரு மின்னஞ்சல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அலுவலக மின்னஞ்சலைச் சுத்தம் செய்யாமல் தள்ளிப்போட்டதில் பிறந்த கதை இது. புதிய கணினி அமைப்புக்கு மாறப்போகிறோம், தேவையானதை எடுத்து வையுங்கள், மீதியை அழியுங்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. பழைய மின்னஞ்சல்களைத் திறந்தால் தலை சுற்றியது. மும்முரமாக வேலை செய்கிற முகத்தோடு இதை எழுத ஆரம்பித்தேன். மேலதிகாரி பார்த்துவிடுவாரே என்ற பயமில்லை. நான் அனுப்பும் மின்னஞ்சலையே அவர் படிப்பதில்லை.

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், அந்த அலுவலகத்தின்..."

வேண்டாம். மழையை உள்ளே விட்டால் கதை முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது: "அவர்கள் இருவரும் சகலைகள். ஒரே அறையில் எதிரெதிர் மேசை. ஆறேழு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை."

இது பரவாயில்லை.

2

தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி. மூத்தவர் சரக்கு வாங்குகிறவர். எல்லோருக்கும் அவர் 'பர்ச்சேஸ்'. இளையவர் வந்த சரக்கைச் சோதித்து உள்ளே எடுக்கிறவர், அவர் 'ஸ்டோர்ஸ்'. அக்காளைக் கட்டியவர் பர்ச்சேஸ், தங்கையைக் கட்டியவர் ஸ்டோர்ஸ். இந்த வேலையை இளையவருக்கு வாங்கிக் கொடுத்ததே மூத்தவர்தான். (அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஒருமுறை சொல்லிக்காட்டியிருக்கிறார். சரி, சில முறை.)

பேச்சு நின்றது ஓர் உறவுக்காரர் வீட்டு விருந்தில். ஸ்டோர்ஸின் மகன் அந்த வருடம் பரீட்சையில் தவறியிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பர்ச்சேஸ் சொன்னார்: "அப்பா ஒவ்வொரு சரக்கையும் ரெண்டு தடவ பாக்குறாரு, பையன் ஒவ்வொரு கிளாஸையும் ரெண்டு தடவ பாக்குறான்." எல்லோரும் சிரித்தார்கள். பையன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். பின்னாலேயே ஸ்டோர்ஸும் எழுந்தார்.

ஆனால் வேலை நிற்குமா? மறுநாளிலிருந்து எல்லாம் மின்னஞ்சலில். கைநீட்டினால் தொடுகிற தூரத்துக்குக் கடிதம்.

பொருள்: மின்விசிறி. "தாள்கள் பறக்கின்றன. வேகத்தைக் குறைக்கவும்."

பதில்: "குறைக்கப்பட்டது."

பொருள்: அவசரம். "உங்கள் வீட்டம்மாவுக்கு மயக்கமாம். கிளம்பவும். இன்றைய உங்கள் வேலையை நான் முடித்துவிடுகிறேன்."

பதில்: "நன்றி." (அன்று பர்ச்சேஸ் 'நன்றி' என்று எழுதிவிட்டு, வேறெதையோ எழுதி, அழித்து...) இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. முடித்தால் கண்ணீர் வரவழைக்கிற கதையாகிவிடும்.

3

இப்போது வெள்ளிக்கிழமை. திங்கள் முதல் ஸ்டோர்ஸுக்கு ஊரின் மறுகோடியில் இருக்கும் தொழிற்சாலையில் வேலை. அங்கேயும் தேவையானதை எடுத்து வைத்து மீதியை அழிக்கச் சொல்லியிருந்தார்கள், பழைய மின்னஞ்சல் மத்தியானத்தோடு நின்றுவிட்டது. இனி புதிய அமைப்பில்தான். அந்த விருந்தில் அப்படிச் சொன்னது தப்பு என்கிற ஒரே ஒரு வாக்கியம் பர்ச்சேஸின் தொண்டையில் இத்தனை வருடமாகச் சிக்கிக் கிடக்கிறது. இன்று வரவில்லையென்றால் இனி வராது.

மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறார், வருகிறார். ஜன்னலைத் திறக்கிறார், சாத்துகிறார். எதிரே ஸ்டோர்ஸ் அட்டைப் பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். என்னாலும் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

முதல் பிரதியில், பர்ச்சேஸ் எழுதி அனுப்பாமல் விட்ட ஒரு மன்னிப்புக் கடிதத்தை ஸ்டோர்ஸ் தற்செயலாகப் படிப்பதாக வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன். அவர் அப்படி எழுதக்கூடியவராக இருந்தால் என்றைக்கோ அனுப்பியிருப்பார்.

4

கதவைத் தட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பிரிவு மேடம் வந்தார்.

"சார், எந்தச் சரக்க எடுத்துக்கிட்டோம், எதத் திருப்பி அனுப்பினோம்னு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போன மெயில் ஒண்ணுகூட புதுசுல வரல. எங்க வச்சிருக்கீங்க?"

"அவர்கிட்ட இருக்கும்" என்று பர்ச்சேஸ் எதிர் மேசையைக் காட்டினார். அதே நேரம் ஸ்டோர்ஸின் கை இந்தப் பக்கம் நீண்டிருந்தது.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருமே அழிச்சிட்டீங்களா?"

நடந்தது இதுதான். ஒரே மின்னஞ்சல், அனுப்பியவரிடமும் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும். அவர் பத்திரமாக எடுத்து வைப்பார், நமக்கெதற்கு என்று இவர் மொத்தமாக அழித்தார். அவரும் அப்படியே.*

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுக்கலையா?"

பர்ச்சேஸ் பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்துத் திரும்பி, எதிர் மேசைக்குப் பதில் அடிக்கத் தொடங்கினார். திரை கருப்பாக இருந்தது.

"நீங்க எதையும் தூக்கிப் போட மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஸ்டோர்ஸ், அட்டைப் பெட்டியைப் பார்த்து.

"நானும் உங்களத்தான் நம்பிட்டேன்."

(இந்த 'நம்பிட்டேன்' நான் யோசித்து வைத்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.)

"ஞாபகத்துல இருக்கிறத ரெண்டு பேரும் சேந்து ஒக்காந்து எழுதிக் குடுங்க. இன்னிக்கே வேணும்" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

* நகல் வேறெங்கும் இருக்காதா என்று கணினி தெரிந்த நண்பர் கேட்டார். இருந்தால் எனக்குக் கதை இருக்காது என்றேன்.

5

ஸ்டோர்ஸ் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

முடிவு ஒன்று: எழுதி முடித்தார்கள், பிரிந்தார்கள். இதற்கா இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன்?

முடிவு இரண்டு: கட்டிப்பிடித்து அழுதார்கள். என் மனைவி படித்துவிட்டு, "இத நீங்களே நம்புறீங்களா?" என்றாள்.

முடிவு மூன்று: "அப்போது ஸ்டோர்ஸின் போன் அடித்தது. மறுமுனையில் மகன்..." போதும்.

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இவ்வளவுதான். முதலில் 'ஆமா', 'இல்ல' என்று ஒற்றை வார்த்தையில் பேசினார்கள். பிறகு, துருப்பிடித்த திருகாணிகளை ஒரு லாரி நிறைய அனுப்பிய வியாபாரியைத் திட்டுவதில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைசித் தாளில் பேனாவை வைத்தபடி ஸ்டோர்ஸ் கேட்டார்:

"வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

பர்ச்சேஸ் தாள்களை ஒருமுறை புரட்டினார். "ஒண்ணு இருக்கு" என்றார்.

அதற்கு அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை. எழுதிப் பார்க்காமலில்லை. 'அன்று பேசியதற்கு வருந்துகிறேன்', 'தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று எல்லாமே பொருள், வணக்கம் போட்ட கடிதமாகவே வருகிறது. உங்களுக்கும் பேச்சை நிறுத்திக்கொண்ட ஆள் யாராவது இருப்பார். அவரிடம் சொல்ல வைத்திருப்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டு. ஸ்டோர்ஸ் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்.