எங்கே என்று கேட்கக் கூடாத வீடு

நான் ஆஸ்திரேலியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறேன் என்று அம்மா மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் ஒரு ஆள் விடாமல் சொல்லி வைத்திருந்தார். காய்கறிக் கடையில் சொன்னார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னார். எங்கள் மார்மன் கிறிஸ்தவ சபையில் பையன்கள் இரண்டு வருஷம் வெளியூர் போய்க் கதவு கதவாகத் தட்டி விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். போய் வந்த அண்ணன்கள் அழகழகாகக் கதை சொன்னார்கள். கதவு முகத்துக்கு நேரே சாத்தப்படும் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

மெல்பர்னில் என்னைக் கிரான்பர்னில் போட்டார்கள். அங்கே இலங்கைத் தமிழர்கள் அதிகமாம், நான் தமிழ் பேசுவேனாம், கதவுகள் தானாகத் திறக்குமாம். வந்து பத்து நாள் ஆகியிருந்தது. என்னைச் சோலார் பேனல் விற்பவன் என்று நினைத்தவர்கள் பாதிப் பேர், வீட்டு ஏஜெண்ட் என்று நினைத்தவர்கள் மீதிப் பேர். ஒரு வீட்டில் நாய் மட்டும் நான் சொன்னதை முழுசாகக் கேட்டது.

என் நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். அதில் 'எல்டர் தனபாலன்', அதாவது மூப்பர் தனபாலன். எனக்கு வயது பத்தொன்பது, தனபாலன் என் அப்பா பெயர். எங்கள் சபையில் ஊழியக்காரனைக் குடும்பப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். கவினேஷ் என்ற என் சொந்தப் பெயரை வாரம் ஒரு முறை ஃபோனில் அம்மா மட்டும் சொல்வார். அதைக் கேட்கவே அந்த நாளுக்காகக் காத்திருப்பேன்.

எனக்குத் துணை எல்டர் ரிக்ஸ். அமெரிக்காவில் ஐடஹோக்காரன், ஒல்லியாக, உயரமாக, எப்போதும் நம்பிக்கையோடு இருப்பான். நாங்கள் ஒருவரை விட்டு ஒருவர் நகரக் கூடாது என்பது விதி. அவனிடம் சொல்லாமல் நான் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தேன். முதல் மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கே போய்விடுவேன். பல் டாக்டரை அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

அப்படித்தான் விக்னராஜா அங்கிள் வீட்டு வாசலுக்கு வந்தோம். நான் கையை ஓங்கித் தட்டப் போன நேரம் கதவு தானாகத் திறந்தது. உள்ளே அங்கிள், யோகா அன்ரி, பின்னால் மகன் நிதுஷன். அவன் கையில், கார் ஓட்டப் பழகுகிறவர்கள் மாட்டும் மஞ்சள் நிற L தட்டு. மூன்று பேரும் கோவிலுக்குக் கிளம்பியவர்கள் போலத் திருநீறு பூசியிருந்தார்கள்.

எங்களுக்குப் பயிற்சியில் ஒரு கேள்வி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த வாழ்க்கைக்குப் பிறகு மனிதன் எங்கே போகிறான்? இதைக் கேட்டால் யாரும் நின்று யோசிப்பார்களாம். தமிழில் எப்படிக் கேட்பது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.

"வணக்கம் அங்கிள்! நாம எல்லாரும் எங்க போறோம்னு..."

"ஐயோ, கேக்காதையும்!" என்று யோகா அன்ரி அலறினார். அவர் கை என் வாய்க்கு அரை அங்குலத்தில் வந்து நின்றது. "பிள்ளை டெஸ்ட்டுக்கு வெளிக்கிடுது. மூண்டு தரம் பெயில். வாயைத் திறக்காம நில்லும்!"

எனக்கு உள்ளங்காலில் இருந்து சூடு ஏறியது. நானும் தமிழ் வீட்டில் பிறந்தவன்தானே? கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் எங்கள் தெருவிலும் திட்டு விழும். போன காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். இந்தக் கேள்வியையா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றேன். ரிக்ஸும் சிரித்தான். மூவரும் எங்களைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓட்டியது நிதுஷன். அங்கிள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்போடு தொங்கினார்.

"தம்பி! பாஸ்! உங்கட முழிவியளம்!"

அது என்ன என்று கேட்டேன். வெளியே கிளம்பும்போது முதலில் எதிர்ப்படும் முகம்தான் முழிவியளம், அது நன்றாக இருந்தால் போன காரியம் நன்றாக முடியும் என்று விளக்கினார். "ஒற்றையா எதிர்ப்பட்டாத்தான் கூடாது. நீங்கள் சோடியா நிண்டனீங்கள். அதுவும் வெள்ளைச் சட்டையோட!"

"அங்கிள், எங்க சபையில இந்தச் சகுனம் எல்லாம் நம்ப மாட்டோம்."

"நீர் நம்பத் தேவையில்லை. சும்மா நிண்டாலே போதும்."

அன்றிலிருந்து என் பிழைப்பு மாறியது. அடுத்த தெரு கமலினி அன்ரி இன்டர்வியூவுக்குக் கிளம்பினார், கேட்டில் நின்றோம், வேலை கிடைத்தது. ஆனந்தராஜா அங்கிள் வீடு வாங்க ஏலத்துக்குக் கிளம்பினார், நின்றோம், வீடு அவருக்கே விழுந்தது. ஃபோன் மேல் ஃபோன். கிரான்பர்னில் என் முகத்துக்கு இருந்த கிராக்கி அந்த வட்டாரத்தில் எந்த முகத்துக்கும் இருந்திருக்காது.

ஆனால் முழிவியளத்துக்கும் விதிகள் இருந்தன. முகத்தைப் பார்த்தவர் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, பேசக் கூடாது. நேரே போய்விட வேண்டும். முக்கியமாக நான் வாயைத் திறக்கவே கூடாது. பேச வந்தவனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா? போகும்போது பேசக் கூடாது, திரும்பி வரும்போது சந்தோஷத்தில் யாருக்கும் காது கேட்காது. கார் ஜன்னல் வழியாக ஒரு பை உளுந்து வடை மட்டும் வரும். ஊருக்குள் நான் எவ்வளவு ராசியானேனோ அவ்வளவு ஊமையானேன்.

ரிக்ஸுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. தமிழர்களிடம் மௌனமாக நிற்பதுதான் உயர்ந்த ஊழியம் என்று நம்பிவிட்டான். "போட்டு வாங்கோ" என்று, அதாவது போய் வாருங்கள் என்று, யாரோ அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை மட்டும் அவன் சொல்லலாம் என்று சலுகை வேறு. தமிழ் தெரியாதவன் பேசுகிறான், தெரிந்த நான் முழிக்கிறேன். 

மாதக் கடைசியில் யோகா அன்ரியின் டெஸ்ட் வந்தது. மகனுக்குக் கிடைத்ததைப் பார்த்து, எப்போதோ L எடுத்து வைத்திருந்த அவருக்கும் ஆசை வந்திருந்தது. இத்தனை வருஷமாகச் சந்தைக்கும் கோவிலுக்கும் அங்கிளைக் கெஞ்சிக்கொண்டு இருந்தது போதும் என்றார். நாங்கள் கேட்டில் நின்றோம். நான் என் முழு முகத்தையும் கொடுத்தேன். ரிக்ஸ் "போட்டு வாங்கோ" சொன்னான். நிழல் இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டோம்.

கார் திரும்பி வந்தபோது ஓட்டியது அங்கிள். அன்ரி இறங்கி, காருக்குள் அடக்கி வைத்த கோபத்தை எல்லாம் கதவில் காட்டிச் சாத்தினார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ரவுண்டபவுட்டில எல்லாருக்கும் வழி விட்டனான். அது பிழையாம்! சோதிக்க வந்தவன் கொட்டாவி விடுறான். மரியாதையா வழி விட்டது ஒரு குற்றமோ?"

அங்கிள் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ராசி முடிஞ்சுது" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு அவமானமாக இருந்தது. இனி வடையும் இல்லை. நாளைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"நில்லும்" என்றார் அன்ரி. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு இனி எங்கயும் போற அலுவல் இல்லை. நீரும் வந்த நாளில இருந்து ஏதோ கேக்கோணும் எண்டு நிக்கிறீர். கேளும் பாப்பம். முதல்ல தேத்தண்ணி குடியும்."

"நாங்க டீ குடிக்க மாட்டோம் அன்ரி."

"தேத்தண்ணி குடிக்காத சமயமும் இருக்கோ!" என்று தலையில் கை வைத்தார். கடைசியில் மைலோ என்ற சாக்லேட் பானத்தில் சமாதானம் ஆனோம்.

என் நேரம் வந்துவிட்டது. தொண்டையைச் சரிசெய்தேன். "அன்ரி, நாம எல்லாரும் எங்க போறோம்?"

"நானே ரவுண்டபவுட்டைத் தாண்டேலாமல் நிக்கிறன். என்னட்டப் போய்க் கேக்கிறீர்!" அவர் சிரித்த சிரிப்பில் மைலோ சிந்தியது. நானும் சிரித்தேன். ஏனென்று தெரியாமல் ரிக்ஸும் சிரித்தான்.

பிறகு அவர் பேட்ஜைப் பார்த்தார். "தனபாலன் எண்டு வயசுபோன ஆக்களுக்கெல்லோ பேர் வைப்பினம்?"

"அது அப்பா பேரு. என் பேரு கவினேஷ்."

"கவினேஷ்" என்று அன்ரி ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர். அது சரி கவினேஷ், நீர் வீட்டால வெளிக்கிடேக்க ஆற்ற முகத்தில முழிச்சனீர்?"

ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவின் முகம் வந்தது. அழ மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அழுத முகம். "அம்மா" என்றேன்.  எனக்கு வீட்டு ஏக்கம் என்று யாரிடமும், ரிக்ஸிடம்கூட, சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். பூட்டிய கதவுகள், நாய், காய்கறிக் கடை, பல் டாக்டர் வரைக்கும். ஐந்து நிமிஷம் கேட்டவனுக்கு அரை மணிக்கு மேலேயே கொடுத்தார் அன்ரி. ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. சபையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அறைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டியை எடுக்கவில்லை.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு அன்ரியே ஃபோன் செய்து வரச் சொன்னார். கேட்டுக்கு வந்ததும் என் முன்னால் நேராக நின்றார்.

"கவினேஷ், கேளும்."

"அன்ரி, அது கூடாதே!"

"கேக்காம விட்டுத்தானே போன முறை பெயில். இந்த முறை கேட்டுப் பாப்பம்."

"யோகா, விசர் வேலை பாக்காதையும்!" என்று அங்கிள் காரின் முன் சீட்டில் ஏறிக் காதைப் பொத்திக்கொண்டார்.

"எங்க போறீங்க அன்ரி?" என்றேன், தெருவே கேட்கும்படி.

"லைசென்ஸ் எடுக்க!"

"போட்டு வாங்கோ" என்றான் ரிக்ஸ்.

அன்ரி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து, ஜன்னலை இறக்கினார். "கவினேஷ், நீர் எங்க போறீர்?"

"எங்கயும் போகல அன்ரி. போயிட்டு வாங்க, இங்கதான் இருக்கேன்."

கார் நகர்ந்தது. தெருமுனை ரவுண்டபவுட்டில் அன்ரி இந்த முறை ஒருத்தருக்கும் வழி விடவில்லை.