ஏழாம் பிரிவில் ஓர் அடைப்புக்குறி

1

இந்தக் கதையைக் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. காசு கொடுத்தது ஓர் அமைப்பு. பல தொழிற்சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது. கொடி பிடிப்பது, வாசலில் உட்காருவது எல்லாம் சங்கங்களின் பாடு. அமைப்பின் வேலை மேஜையில். உழைப்பவர்களுக்கு என்ன சட்டம் வேண்டும் என்று யோசித்து, எழுதி, சட்டமன்ற உறுப்பினர்கள் கையில் கொடுத்து, அவர்கள் வாயால் பேச வைப்பது.

அமைப்புக்குப் பத்து வயதாகிறது, மலர் போடுகிறார்கள். "கட்டுரையா எழுதினா எவன் சார் படிக்கிறான்? கதையா எழுதிக் குடுங்க. நாங்க என்ன செய்யறோம்னு நாலு பேருக்குத் தெரியணும்" என்றார் அமைப்பின் செயலாளர். பாதிப் பணம் கைக்கு வந்துவிட்டது. மீதி, கதை அவருக்குப் பிடித்தால். பிடிக்காது என்பது மூன்றாம் பகுதியை எழுதும்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உழைப்பாளியின் வியர்வை மண்ணில் விழும் இடத்தில்தான் நீதியின்

அங்கேயே நிறுத்திவிட்டேன். வியர்வை என்று எழுதும்போது தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது தொடக்கம்: "அக்காவுக்கு மயக்கம் வந்தது." இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

அக்காவுக்கு மயக்கம் வந்தது. போன கோடையில் இரண்டு தடவை.

அக்கா வேலை பார்ப்பது ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் அங்கே வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கும் உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர்கள் அதை வாங்கி மடிப்பார்கள். அக்கா விடுகிற பக்கம். மேலே தகரக் கூரை, கீழே நீராவி, நடுவில் மனுஷர்கள். முதல் தடவை அக்கா பின்பக்கமாக விழுந்தாள், பிழைத்தாள். இரண்டாம் தடவை முன்பக்கமாக. பக்கத்தில் நின்றவள் தோளைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கையே போயிருக்கும். முழங்கைக்குக் கீழே தோல் வழன்றுபோய், அந்த இடம் இன்றைக்கும் பளபளவென்றிருக்கிறது.

அக்காவின் தங்கைதான் இந்தக் கதையின் ஆள். அமைப்பில் மசோதா எழுதுகிறவள். காதில் எந்நேரமும் பென்சில் செருகியிருப்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பென்சில் என்றே பேர் விழுந்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அக்காவின் கையைப் பார்த்த மறுவாரம் பென்சில் ஒரு மசோதாவை எழுத ஆரம்பித்தாள். வேலையிடத்தில் சூடு முப்பத்தொரு டிகிரியைத் தாண்டினால் மணிக்குப் பத்து நிமிஷம் ஓய்வு, குடிக்கத் தண்ணீர், முதலாளி செலவில் குளிர்க்காற்று. சட்டமன்றம் கோடைக்காக மூடுவதற்குள் அது நிறைவேற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடைதான்.

"இந்த வெயிலுக்குள்ள வந்துடுமாடி?" என்று அக்கா கேட்டாள்.

"வந்துடும்க்கா. எழுதினதே நான்தானே."

"நீ எழுதி என்ன? அவங்கல்ல கை தூக்கணும்."

அக்கா விவரமானவள். அவளை இன்னும் கொஞ்சம் அப்பாவியாக எழுதினால் படிப்பவர்கள் கண் கலங்குவார்கள் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. எழுதியும் பார்த்தேன். அவள் அந்த வேஷத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள்.

3

இப்போது பணம். (மலரில் இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லி ஏற்கெனவே ஒரு போன் வந்தாயிற்று.)

அமைப்புக்கு இரண்டு வழியில் பணம் வருகிறது. ஒன்று, சங்கங்கள் தருவது. அது தொழிலாளிகளின் மாதச் சந்தாவிலிருந்து வருகிறது. அக்காவின் சம்பளத்திலும் மாதாமாதம் பிடிக்கிறார்கள். இன்னொன்று, நன்கொடை. போன ஆண்டு அமைப்பு செலவழித்த ஒவ்வொரு நூறிலும் நாற்பது நன்கொடையாக ஒரே இடத்திலிருந்து வந்தது, மீதி அறுபது சந்தா. நாற்பதைக் கொடுத்தது, ஆலைகளுக்குள் குளிர்க்காற்று விடும் பெரிய குளிர்ப்பெட்டிகளைச் செய்து விற்கும் ஒரு கம்பெனி.*

* கம்பெனிக்காரரை ஒரு கொடுமைக்காரராக எழுதலாமா என்று யோசித்தேன். கதைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அவர் வெயிலில் வேலை செய்பவர்கள்மேல் நிஜமாகவே இரக்கப்படுகிறவர். குளிர்ப்பெட்டியும் விற்கிறவர். இரண்டும் ஒரே ஆள்தான், நான் என்ன செய்ய?

பென்சிலுக்கு ஒரு வழக்கம். எழுதும்போது எந்த எண் யார் தந்தது, எதில் சந்தேகம் என்பதை அங்கேயே சதுர அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுவாள். அலுவலகம் முழுக்க அதைப் பழகிக்கொண்டது. கடைசியாகப் படிப்பவர் அடைப்புக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

ஏழாம் பிரிவு குளிர்க்காற்றைப் பற்றியது. இயந்திரம் மணிக்கு எவ்வளவு காற்றைக் குளிர்விக்க வேண்டும் என்று அதில் ஓர் அளவு வரும். அந்த அளவைச் சொன்னது குளிர்ப்பெட்டிக் கம்பெனி. பென்சில் செயலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த அளவுக்கு அவங்க மெஷின் மட்டும்தான் ஒத்துவரும்போல இருக்கே."

"நல்ல மெஷின்தானே?"

"நல்ல மெஷின்தான். ஆனா வேற யாரும் விக்க முடியாது சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷர் இல்லை, இருபது வருஷம் சங்கத்தில் அடிபட்டு வந்தவர். "அம்மா, சந்தாப் பணத்தை மட்டும் நம்பினா இந்த ஆபீஸை வருஷம் முழுக்க நடத்த முடியாது. எதிர்ப்பக்கம் ஆலை முதலாளிங்க எத்தனை வக்கீல் வச்சிருக்காங்க தெரியுமா? அவங்களுக்கு எங்கேருந்து காசு வருதுன்னு எவனாவது கேட்டானா? உங்க அக்காவுக்குக் காத்து வேணும். காத்து வரப்போகுது. அப்புறம் பாத்துக்கலாம், போம்மா."

பென்சில் திரும்பி வந்து ஏழாம் பிரிவின் அடியில் எழுதினாள்: [இந்த அளவு குளிர்ப்பெட்டிக் கம்பெனி கொடுத்தது. அவர்கள் இயந்திரம் தவிர வேறு எதுவும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.]

4

மசோதாவைப் பரிசீலிக்கும் சட்டமன்றக் குழுவின் விசாரணை காலை பத்தரைக்குத் தொடங்கியது. பதினோரு உறுப்பினர்கள், பதினோரு நாற்காலி, நீளமான மேஜை, ஆளுக்கொரு மைக். பென்சிலும் செயலாளரும் பின்வரிசையில்.

மசோதாவைக் கொண்டுவந்தவர் அமைப்பின் நண்பரான உறுப்பினர். நல்ல குரல், நல்ல மனசு. கொடுத்ததைக் கொடுத்தபடியே வாசிப்பார், அது ஒன்றுதான் குறை. ஒரு தடவை "அடுத்த பக்கம் பார்க்கவும்" என்பதையும் சேர்த்து வாசித்துக் கைதட்டல் வாங்கியவர்.

ஏழாம் பிரிவுக்கு வந்தார். வாசித்தார். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு, அதே கணீர்க் குரலில், "இந்த அளவு குளிர்ப்பெட்டிக் கம்பெனி கொடுத்தது" என்றார்.

அவர் இரண்டாம் வரியையும் விடவில்லை. "...பொருந்துமா என்று பார்க்க வேண்டும்" என்று முடித்து, நிமிர்ந்து, எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "ரொம்ப சந்தோஷம். எந்தக் கம்பெனி? இந்தத் தாளை எழுதினது யாரு? எழுதினவங்களுக்கு யாரு காசு குடுக்கிறாங்க?"

சலசலப்பு. குழுத் தலைவர் மேஜையைத் தட்டினார். "சாப்பாட்டுக்கு அப்புறம், எழுதினவங்களே வந்து சொல்லட்டும்."

5

கதை இங்கே என் கையை விட்டுப் போகிறது. அவள் மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா?

"நான் எடுக்கவில்லை, அவள் எடுத்திருப்பாள் என்று நினைத்தேன்" என்கிறார் செயலாளர். "அவர் எடுத்திருப்பார் என்று நினைத்தேன்" என்கிறாள் அவள். எந்த அலுவலகத்திலும் நடக்கிற சமாசாரம்தான். ஆனால் மசோதாவில் மொத்தம் இருபத்திரண்டு அடைப்புக்குறிகள் இருந்தன. இருபத்தொன்று போய்விட்டன. ஒன்று மட்டும் எப்படி நின்றது?

"மறந்தான்னே எழுதுங்க சார், மனுஷன்னா மறதி இருக்காதா?" என்றார் செயலாளர், மீதிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

"அவள் வேண்டுமென்றேதான் அந்த

வேண்டாம். அவளிடமே கேட்டேன். நானே உண்டாக்கின ஆள், என்னிடம் என்ன ஒளிவுமறைவு? முறைத்தாள். "உங்களுக்கு வசதியா எது இருக்கோ எழுதிக்குங்க. எனக்கு இப்ப அக்காவுக்குப் போன் பண்ணணும்."

6

சலவை ஆலையில் சாப்பாட்டு நேரம் அரை மணி. அக்கா வெளிச்சுவர் நிழலில் உட்கார்ந்து போனை எடுத்தாள். பென்சில் நடந்ததைச் சொன்னாள். விசாரணை அறைக்கு வெளியே நடைவழியில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அழாமல் சொன்னாள்.

"இப்ப என்ன பண்ணப்போறே?"

"செயலாளர் ஒரு தாள் எழுதிக் குடுத்திருக்கார்க்கா. 'பல தரப்பினரின் ஆதரவோடு இயங்குகிறோம்'னு. அதை வாசிச்சா போதுமாம். பொய் இல்லையேங்கிறார்."

"நீ கம்பெனி பேரைச் சொல்லிட்டா?"

"மசோதாவே விழுந்தாலும் விழுந்துடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்." சுவரை நகத்தால் சுரண்டினாள். "உன் கைய நெனச்சா பயமா இருக்குக்கா. என்னால இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க முடியாது."

உள்ளே உருளை ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

"மெஷினை எவன் வித்தா எனக்கென்னடி? எனக்குக் காத்து வரணும், அவ்வளவுதான். காலையிலேயே ஒருத்தி வாந்தி எடுத்துட்டு உக்காந்திருக்கா" என்றாள். பிறகு, "ஆமா, யாரு காசு குடுக்கிறாங்கன்னுதானே கேட்டான் அந்த ஆளு?"

"ஆமா."

"நானும்தான் குடுக்கிறேன். மாசாமாசம் புடிக்கிறாங்க. இங்க உருளைகிட்ட நிக்கிற அத்தனை பேரும் குடுக்கிறோம். பல தரப்பாம், தரப்பு! நான் என்னடி தரப்பு? சொல்றதுன்னா எல்லாரையும் சொல்லு. கம்பெனியைச் சொல்லு, என்னையும் சொல்லு. கம்பெனியை மட்டும் சொல்லிட்டு வந்தே, நடக்கிறதே வேற."

மணி அடித்தது. அக்கா வைத்துவிட்டாள்.

7

முடிவுகள் என் கைவசம் இரண்டு இருந்தன.

செயலாளருக்குப் பிடித்த முடிவு: பென்சில் தாளை வாசிக்கிறாள், மசோதா நிறைவேறுகிறது, அக்கா முகத்தில் குளிர்க்காற்று படுகிறது. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. எனக்கே கண் கலங்கியது. அப்புறம் என் சட்டைப்பையில் இருக்கும் பாதிப் பணம் ஞாபகத்துக்கு வந்தது.

என் எழுத்தாள நண்பர்களுக்குப் பிடித்த முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள், மசோதா தோற்கிறது, அக்கா மூன்றாம் முறை விழுகிறாள். விருதுகூடக் கிடைக்கலாம். அக்காவின் கையைச் சுட்டு என் கதைக்கு அழகு பண்ணுவதா? தூ!

நடந்தவரை சொல்கிறேன். பென்சில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். செயலாளரின் தாளை மடித்து மைக்குக்கு அடியில் வைத்தாள். "நூத்துக்கு நாப்பது, அந்தக் குளிர்ப்பெட்டிக் கம்பெனி. ஏழாம் பிரிவுல வர்ற அளவு அவங்க சொன்னது. அது தப்பு, மாத்தி எழுதித் தர்றேன், இன்னிக்கே. மீதி அறுபது யாருதுன்னு நீங்க கேக்கல. அதையும் சொல்றேன்" என்றாள். சலவை ஆலையில் உருளைக்கு விரிப்பு விடுகிறவர்களிலிருந்து ஆரம்பித்தாள். முதல் பெயர் அக்காவுடையது. கடைசிப் பெயர்வரை நிற்கவில்லை. செயலாளர் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்வரிசைக்காரர் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

தலைவர் கை தூக்கச் சொன்னார். ஐந்து பேர் தூக்கினார்கள். ஐந்து பேர் தூக்கவில்லை.

பதினோராவது நாற்காலி உங்களுடையது. சும்மா படித்துவிட்டுப் போகலாம் என்று வந்தீர்கள், தெரியும். ஆனால் யார் எழுதியது, யார் காசு, எந்தப் பிரிவு பிசகு, எல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும். மற்ற பத்துப் பேரைவிட நன்றாகவே தெரியும். நான் முடிவு சொல்வதற்கில்லை. நான் காசு வாங்கினவன். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஆலையில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அக்கா விரிப்பின் முனையைக் கையில் எடுத்துவிட்டாள்.

[இந்தக் கதைக்குக் கிடைத்த பாதிப் பணத்தில் நூற்றுக்கு நாற்பது குளிர்ப்பெட்டிக் கம்பெனியுடையது. மீதியில் அக்காவின் சந்தாவும் இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் இந்த அடைப்புக்குறியை எடுத்துவிடவும்.]