நாலாம் பகுதியா, பத்தாம் பகுதியா

காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் ஊர்த் தலைவியான என் அண்ணியின் குரல் வந்தபோது நான் என் பலகாரக் கடையில் முள்ளங்கி கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். குழாய் வேலை நடக்கிறது, நாலாம் பகுதிக்கு மதியம் வரை தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்படித்தான் சொன்னதாக இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். ஊரின் காதில் விழுந்தது பத்தாம் பகுதி. எங்கள் மொழியில் நாலு 'ஸு', பத்து 'ஷு'. நாக்கு நுனி ஒரு நூல் தள்ளிப் பட்டால் போதும், ஒன்று மற்றதாகிவிடும்.

பத்தாம் பகுதிக்காரர்கள் வாளி, அண்டா, குளிக்கும் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். அங்கே தண்ணீர் நிற்கவே இல்லை. நாலாம் பகுதி பியூட்டி பார்லரில் தலை நிறைய சாயத்தோடு உட்கார்ந்திருந்த தியென்ஃபாவின் மனைவிக்குத்தான் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது. பிளாஸ்டிக் பையைத் தலையில் கட்டிக்கொண்டு அவள் என் கடைக்கு ஓடி வந்தாள். கழுவி முடித்தபோது நெற்றியோரம் செக்கச்செவேலென்று வெந்திருந்தது. ஒரு வார்த்தை திட்டாமல் போனாள். அதுதான் பயமாக இருந்தது.

தியென்ஃபா உரக்கடைக்காரர். போன தேர்தலில் அண்ணியிடம் முப்பத்தொரு ஓட்டில் தோற்றவர். நவம்பரில் மறுபடி நிற்கப்போகிறார். அன்று மாலையே கோயில் முன்னால் நாக்கை மடித்து அண்ணி மாதிரிப் பேசிக்காட்டினாராம். "அம்பத்திரெண்டு வயசுல யாருக்கு அழகு காட்ட வாயில பிளாஸ்டிக்கு?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். என் அண்ணனும் அங்கேதான் இருந்தான்.

அண்ணியின் பெயர் யுவேசியா. மேல்வரிசைப் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கல்யாணப் படத்திலும் சரி, தேர்தல் போஸ்டரிலும் சரி, உதடு ஒட்டியே இருக்கும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். மகனுக்குப் பல்லில் கிளிப் போட்டு நாலு வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவள், அவனுடையதைக் கழற்றிய அன்றைக்கு, "டாக்டர், எனக்கும் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் மாஸ்க் மாட்டியிருந்த காலம், யாருக்கும் தெரியவில்லை. கிளிப்பைக் கழற்றியதும் பல்லோடு ஒட்டுகிற மெல்லிய உறை ஒன்றைக் கொடுத்தார்கள், ரீட்டெய்னர். சாப்பிடும்போது தவிர ஒரு வருஷம் கழற்றக் கூடாது. புத்தாண்டுக்கு வீடு நிறைய விருந்தாளி வந்தபோது ஐந்து நாள் டப்பாவில் வைத்துவிட்டாள். ஆறாம் நாள் அது ஏறவே மாட்டேன் என்றது. ஒரு பல் பழைய இடத்தைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்திருந்தது. கட்டை விரலால் அழுத்தி ஏற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய என் கடையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குத் தவிர கழற்றுவதில்லை.

அண்ணன் நயமாகத்தான் சொன்னான். "மைக் பிடிக்கிற ரெண்டு நிமிஷம் கழட்டி வெச்சா என்ன?"

"மைக் ரெண்டு நிமிஷம். அப்பறம் போனு, பஞ்சாயத்து, சாவு வீடு. நாள் முழுக்கப் பேசறதுதானே என் வேலை? கழட்டினா கழட்டினதுதான்." சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நீ கோயில்ல சிரிச்சியா?"

அண்ணன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

மறுநாள் அண்ணி நாலாம் பகுதியில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். தியென்ஃபா வீட்டிலும். பிறகு தினமும் விடிந்ததும் என் அடுப்படிக்கு வந்துவிடுவாள். சோயாப்பால் கொதிக்கிற அண்டா பக்கம் நின்று நாலு, பத்து, பதினாலு, நாற்பது என்று சொல்வாள். நான் முதுகைக் காட்டி நின்று என்ன கேட்டதென்று சொல்ல வேண்டும். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு. பத்தாம் நாள் இருபதுக்கு மூன்று. அந்த மூன்று போகவே இல்லை.

ஊர்க் கூட்டத்தில் தியென்ஃபா எழுந்தார். "தலைவரம்மா, ஊருக்காகக் கேக்கறேன். அதக் கழட்டிட்டுப் பேசுங்க. இல்லாட்டி மைக்க வேற ஆள்கிட்ட குடுங்க."

"கழட்டறேண்ணே," என்றாள் அண்ணி. "நீங்களும் உங்க பல் செட்டக் கழட்டுங்க. ரெண்டு பேரும் வெறும் வாயோட பேசுவோம். யார் பேச்சு புரியுதுன்னு ஊரே சொல்லட்டும்."

பாக்கு மென்று மென்று தியென்ஃபாவின் பல் போன கதை ஊரறிந்தது. கூரை அதிரச் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். கை மேஜைமேலேயே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் தியென்ஃபாவின் மனைவி எழுந்தாள். நெற்றித் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. "அன்னிக்கு என் தலையோட போச்சு. நாளைக்குப் புயல்னா? எங்க பகுதிதான் வாய்க்கா ஓரம். நீ நாலுன்னு சொல்லி எங்களுக்குப் பத்துன்னு கேட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நியாயந்தான்க்கா. இத நான் கழட்ட மாட்டேன். ஆனா நாலு, பத்துன்னு வாயில வந்தா, மைக்ல சொன்ன கையோட உங்க தெருவுக்கே வந்து நேர்ல சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும்."

"பாக்கறேன்," என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள். ஓட்டுப் போடுவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் புயல் வந்தது. காலையில் ஒலிபெருக்கி அலறியது. மணல் மூட்டை தயார், நாலாம் பகுதி முதலில் வாங்கிக்கொள்ளட்டும். என் காதில் நாலு என்றுதான் விழுந்தது. ஆனால் நான் இருபது நாள் பழகிய காதுக்காரி. மைக்கை வைத்த மறுநிமிஷம் அண்ணி மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் ஏறினாள். ஒரு கையில் பேட்டரி மைக். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். வாய்க்கால் ஓரத்தில் காற்று வண்டியைச் சாய்த்தது. மைக் நனைந்து செத்துப்போனது. அதை என் மடியில் போட்டுவிட்டு வெறும் தொண்டையால் கத்தினாள்.

"நாலாம் பகுதி! மூட்டை வாங்க வாங்க!"

பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். "பத்தா?"

"நாலு!"

"பத்துன்னுல்ல கேட்டுச்சு!" எதிர் வீட்டிலிருந்து இன்னொரு குரல், சிரிப்போடு.

"நாலுடா! நாலு! நாலு!" என்று தெரு நெடுகக் கத்திக்கொண்டே போனாள் அண்ணி, மழை நேராக அவள் வாய்க்குள் அடித்துக்கொண்டிருக்க.