கம்பி விழுங்கிய சொல்

1903-ஆம் வருஷம், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. மேல்விஷாரத்துக்கு மூன்று மைல் தள்ளி ஆற்காட்டுச் சாலையோரம் இருந்த சின்னத் தந்தி ஆபீஸில், காலை பத்தரை மணிக்குத் தந்தி குமாஸ்தா சுந்தரமூர்த்தி, கருவியின் ஒலியிலிருந்து ஒரு தந்தியைக் கேட்டு எழுதினான்.

மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி ஜான் பாஷா நான்கு நாளைக்கு முன் சரக்கோடு பட்டணம் போயிருந்தார். ரயில் ஷெட்டில் தோல்கட்டுகள் சரிந்து அவர் காலை நசுக்கிவிட்டன. கால் அழுகத் தொடங்கிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இவர் முடியாது என்கிறார், மனைவி சொன்னால்தான் கேட்பாராம், மூன்று மணிக்குள் பதில் வேண்டும். அனுப்பியவர் அவருடைய கூட்டாளி அப்துல் சமத்.

பியூன் ஓடிப்போய்ச் சொல்ல, பதினொன்றரைக்கெல்லாம் ஜான் பாஷாவின் மனைவி ஹலீமா பீ ஜட்கா வண்டியில் வந்து இறங்கினாள். வெள்ளைத் துப்பட்டியால் தலையையும் உடம்பையும் போர்த்தியிருந்தாள்.

"கால எடுக்கலன்னா?" என்று கேட்டாள்.

"உசுருக்கு ஆபத்துன்னு எழுதியிருக்காங்கம்மா."

அவள் ஒரு மூச்சுகூட விட்டு யோசிக்கவில்லை. "பயப்பட வேணாம்னு சொல்லு அய்யா. கால எடுத்துடட்டும். உசுரோட வூடு வந்து சேரட்டும். அவ்ளோதான்."

போஸ்ட் மாஸ்டர் காசிநாதனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று பெயர். அவரே படிவத்தில் எழுதினார்: 'டூ நாட் ஃபியர் கட் லெக் கம் ஹோம் அலைவ் ஹலீமா.' பயப்படாதே, காலை எடுக்கட்டும், உயிரோடு வீடு வா. பெயரோடு ஒன்பது சொல்.

சுந்தரமூர்த்தி தந்தி அடிக்கும் கட்டையில் விரல் வைப்பதற்குள் கருவி தானாகப் படபடவென்று அடித்தது. மின்சாரத்தைக் காட்டும் முள் இடது ஓரத்தில் போய் முட்டி நின்றது. சற்றுப் பொறுத்து மெல்ல நகர்ந்து வலது ஓரத்தில் முட்டியது. வெளியே எட்டிப் பார்த்தான். பளிச்சென்று வெயில். மின்னலுமில்லை, மழையுமில்லை.

"எங்கியோ கம்பத்துல பீங்கான் ஒடஞ்சிருக்கும். அனுப்பு, அனுப்பு" என்றார் காசிநாதன்.

திக்கித் திக்கி அனுப்பி முடித்தான். பட்டணத்திலிருந்து பதில் வந்தது: 'வந்து சேர்ந்தது. எட்டு சொல்.'

எந்தச் சொல் விட்டது என்று கேட்டான். அதற்குள் முள் மறுபடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கருவி ஒரே இரைச்சலாக அடித்து, பிறகு ஓய்ந்தது.

"எட்டோ ஒம்போதோ, விஷயம் போய்ச் சேந்துடும். விடுப்பா" என்று காசிநாதன் சோற்று மூட்டையை அவிழ்த்தார்.

சுந்தரமூர்த்தியால் விட முடியவில்லை. சிலேட்டில் ஒன்பது சொல்லையும் எழுதி, ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பார்த்தான். 'ஹோம்' போனால் பாதகமில்லை. 'அலைவ்' போனாலும் பாதகமில்லை. 'ஃபியர்' என்ற சொல்லை மறைத்தான். மிச்சம் நின்றது: 'டூ நாட் கட் லெக்.' காலை எடுக்காதே.

சிலேட்டைப் போட்டுவிட்டு எழுந்தான்.

வேப்பமர நிழலில் நின்ற ஜட்காவிலிருந்து ஹலீமா பீ குரல் கொடுத்தாள். "போய்ச் சேந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கிட்டே போய் நடந்ததைச் சொன்னான்.

"நான் சொன்னதுக்கு நேர் எதிராவா போய்ச்சி?"

"போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். தெரியலம்மா."

"உங்க இங்கிலீஷ்ல நான் இன்னாத்த கண்டேன்? நான் சொன்னதச் சொல்லு. மறுபடி அனுப்பு."

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் விரல் மரத்தது. எழுந்து வாசலுக்குப் போவான். திரும்பி ஓடிவந்து முள்ளைப் பார்ப்பான். அது தறிகெட்டு அலைந்தது. ஹலீமா பீயும் ஜட்காவை விட்டு இறங்கி மரத்தடியில் நடந்துகொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு, கோளாறு பாட்டரியில் இருக்குமோ என்று சோதிக்க அதன் இணைப்பைக் கழற்றினான். முள் செத்து நடுவில் விழ வேண்டும். விழவில்லை. இடப்பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றது. பாட்டரியே இல்லாமல் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நம்முடைய மின்சாரமும் இந்த வேற்று மின்சாரமும் முட்டிக்கொள்வதால்தான் சொல் சிதறுகிறது. நம்முடையதை எடுத்துவிட்டால்?

"இன்னா பண்றே நீ?" காசிநாதன் பதறி எழுந்து வந்தார். "பாட்டரிய கழட்டிட்டு எவன்டா தந்தி அடிப்பான்? மேல தெரிஞ்சா பேஜாராப் பூடும்."

"தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் அய்யா. கொஞ்சம் பொறுங்க."

கம்பியைக் கட்டை வழியாக நேரே பூமியோடு இணைத்தான். முள் நிலையாகச் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். 'நீயும் பாட்டரியைக் கழற்று.' ஐந்தாறு தரம் தட்டினான். 'உனக்குப் பைத்தியமா?' என்று பட்டணத்திலிருந்து வந்தது. அந்தப் பைத்தியம் என்ற சொல் ஒரு புள்ளிகூடச் சிதறாமல் வந்ததில் அவன் மேஜையை ஓங்கித் தட்டினான். அங்கே இருந்தவனுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் 'கழற்றிவிட்டேன், சொல்லு' என்றான்.

சுந்தரமூர்த்தி ஜன்னலுக்கு ஓடினான். "எந்த வார்த்தை விழுந்தாலும் அர்த்தம் மாறக்கூடாதும்மா. இன்னா அனுப்பட்டும்?"

"எடுங்கன்னு சொல்லு. ஹலீமா சொன்னான்னு சொல்லு. எடுங்க, எடுங்கன்னு சொல்லு."

'கட் லெக். ஹலீமா சேஸ் கட். கட்.' ஆறு சொல். ஆறும் சேர்ந்தன என்று பதில் வந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. அடுத்த நிமிஷம் முள் மறு ஓரத்துக்குப் பாய்ந்தது. அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை கம்பியில் மனிதப் பேச்சே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மூன்று மணிக்குள் போயிற்றா? முதல் தந்தியை நம்பி டாக்டர் போய்விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் காலையில்தான் அப்துல் சமத்தின் தந்தி வந்தது. சனிக்கிழமை நாலு மணிக்குக் காலை எடுத்தாயிற்று, ஆள் பிழைத்துக்கொண்டார்.

அந்த வாரப் பத்திரிகையைக் காசிநாதன் உரக்கப் படித்தார். அதே நாளில் சீமையிலும் இன்னும் பல தேசங்களிலும் தந்திக் கம்பிகள் இப்படித்தான் ஆடினவாம். சூரியன்மேல் பெரிய கரும்புள்ளி தெரிந்ததாம். பூமியின் காந்தமே கலங்கிப்போனதாம். இருந்தாலும், ஏன் பாட்டரியைக் கழற்றினாய் என்று மேலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. சுந்தரமூர்த்தி நான்கு பக்கம் எழுதி அனுப்பினான். அதற்குப் பதிலே வரவில்லை.

தை மாதம் ஒரு பகலில் ஜான் பாஷா ஊன்றுகோலோடு ஆபீஸுக்குள் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மொதல்ல வந்த தந்தியில கால எடுக்காதேன்னு இருந்துச்சி. எம் பொஞ்சாதி எம் பக்கம்னு ஆஸ்பத்திரியே கேக்கச் சிரிச்சேன். ரெண்டாவது வந்ததும் இது டாக்டருங்க பித்தலாட்டம்னு கத்தினேன். அப்துல் சமத்து சத்தியம் பண்ணப்புறம்தான் ஒத்துக்கினேன். வூட்டுக்கு வந்து அவளக் கேட்டா, ஒரே பேச்சுதான் சொன்னேன்றா. ரெண்டு மாசமா அவகிட்ட மொகம் குடுத்துப் பேசல. சொல்லு தம்பி, மொத தந்தி யாருது?"

சுந்தரமூர்த்தி சிலேட்டில் எழுதி, 'ஃபியர்' என்பதை மறைத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னான்.

ஜான் பாஷா சிலேட்டையே பார்த்தார். "அப்போ அவ மாத்திச் சொல்லல."

"இல்லிங்க. கேட்ட ஒடனே எடுக்கட்டும்னாங்க."

"ஒடனேவா?" அவர் முகம் சுருங்கியது. "கொஞ்சங்கூட யோசிக்கலியா?"

சுந்தரமூர்த்தி சிலேட்டைத் துடைக்கத் தொடங்கினான். ஜான் பாஷா விடவில்லை.

"அன்னிக்கி எத்தினி மணி வரைக்கும் இங்க இருந்தா?"

"இருட்டற வரைக்கும். ஜட்காக்காரன் சத்தம் போட்டப்புறம்தான் கெளம்பினாங்க."

"சாப்டாளா?"

"தண்ணிகூட வேணான்னுட்டாங்க."

ஜான் பாஷா ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வரேன் என்றுகூடச் சொல்லாமல் வெயிலில் இறங்கி ஜட்காவில் ஏறி, வேகமாக வீட்டுக்கு விடச் சொன்னார்.