லாக்கரில் தூங்கிய பேட்ஜ்

பூமியின் விளிம்பில் சூரியன் எட்டிப் பார்த்தபோது கையுறைக்குள் என் நகக்கண்கள் தெறித்தன. விண்நிலையத்தின் வெளிச்சுவரில் தொங்கியபடி நானும் என் வீட்டுக்காரரும் துருவேறாத போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அந்தரத்தில் எடை கிடையாதாம்! அந்த விறைத்த உடுப்புக்குள் ஒருமுறை கையை மடக்கிப் பார்க்கட்டும், உயிர் போய்விடும்.

உள்ளே வந்தால் எங்கள் வேலைக்குழு மொத்தமும் கூடியிருக்க, திரையில் முதலாளி. கீழே, தரையில், குளுகுளு அறையில் உட்கார்ந்திருந்தார்.

போன விடுப்பில் டாக்டரம்மா உடைத்துச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு விந்தணு குறைந்திருக்கிறது, என் கருமுட்டைகளும் அப்படித்தான். கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம், இனியும் மேலே போனால் பிள்ளை கஷ்டம் என்றார். எங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அதற்காகத்தான் முதலாளியிடம் வைத்தியமும் தரையில் வேலையும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மேலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்க பேட்ஜ் சுத்தமா இருக்கேம்மா. கதிர் பட்டதா அது சொல்லவே இல்லையே. உங்க குறையை எங்க தலையில கட்டாதீங்க," என்றார் முதலாளி.

"பேட்ஜ் லாக்கர்ல தூங்குச்சு சார். அது எங்க எங்ககூட வெளிய வந்துச்சு?" என்றேன்.

பட்ட கதிரையெல்லாம் நெஞ்சிலிருந்து கணக்கெடுக்கும் பேட்ஜ் அது. அளவு தாண்டினால் ஆளை இறக்கிவிடுவார்கள், அப்புறம் வேலை கிடையாது. அதனால் கழற்றி வைத்துவிட்டுப் போவோம். என்ன புத்தியோ, நாங்களே எங்கள் வயிற்றில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

"கழட்டினது குத்தம். உங்க ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. வேற யாராவது கழட்டினீங்களா?"

 

"நானும்தான் சார்," என்றான் குழாய் வேலை பார்க்கும் மொட்டை. "எனக்கு இன்னும் பொண்ணே அமையல. நாளைக்கு அமைஞ்சா அவகிட்ட என்னத்தச் சொல்ல?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கள் மின்வேலைக்காரத் தங்கச்சி சிரிக்கவில்லை.

"நானும் கழட்டினேன். மாசாமாசம் வர்றத நிறுத்த மாத்திரை குடுத்தீங்கல்ல? அதை விட்டு எத்தனையோ மாசமாச்சு. இன்னும் வரல. பயமா இருக்கு சார்."

கடைசியாக எங்களை வேலைக்கு அனுப்பும் மேஸ்திரி வாயைத் திறந்தார். "கழட்டச் சொன்னது நான். எனக்குச் சொன்னது நீங்க."

முதலாளியின் முகம் செத்துப்போனது. "எல்லாரையும் இறக்கிடுவேன்!"

"இறக்குங்க," என்றார் என் வீட்டுக்காரர். "ஒரே கப்பல்ல இறக்குங்க. நேரா உங்க அறைக்கே வர்றோம்."

திரை அணைந்தது. எனக்குப் பிள்ளை பிறக்குமோ பிறக்காதோ, யார் கண்டது? தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். அடுத்த ஷிப்ட்டுக்கான மணி அடித்தது, விடாமல் அடித்தது. வெளிக்கதவுப் பக்கம் ஒருவரும் போகவில்லை.