விநாயகமூர்த்தி சாரின் படகுப் படி

மலேசியாவின் காப்பாரில் பட்டறை வைத்து, அடிபட்ட கார்களைச் சீர்செய்யும் சுகுமாறனுக்கு ஒரே கொள்கைதான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவ வேண்டும். எங்கே கை இடறுகிறதோ அங்கே பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பூச வேண்டும். முதன்முதலாக ஒரு விசைப்படகு பட்டறைக்கு வந்தபோதும் அதைத்தான் செய்தான். படகின் அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரு படி இடறியது. எவனோ பாறையில் மோதியிருக்கிறான், பாவி. பாறை அளவெடுத்து நேர்கோடாகவா மோதும் என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் பூசித் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டான்.

படகு பிரிக்பீல்ட்ஸ் விநாயகமூர்த்தியுடையது. ஓய்வுபெற்ற அரசாங்க எஞ்சினியர். ஏலத்தில் எடுத்த கையோடு பட்டறைக்கு அனுப்பியிருந்தார். படகுச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவர் தலையாட்டினால் சங்க உறுப்பினர்களின் மற்ற ஐந்து படகுகளும் சுகுமாறனுக்குத்தான். அந்த ஆசையில் அவன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அவர் கிள்ளான் துறைக்கு வந்தபோது படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"இதின்ட விசயமே அடியில இருக்கிற படிதான், தம்பி. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இங்கிலாந்தில ஒரு பாதிரியார் சொன்னவர். படிக்குப் பின்னால காத்து புகுந்தா, படகு தண்ணியில ஒட்டாமப் பறக்கும். அந்தக் காலத்து நீராவி எஞ்சினுக்கு அவ்வளவு பலம் இல்லை, அதால கைவிட்டுட்டினம். இப்ப பார், எல்லாரும் படி வைக்கினம்."

தான் பூசி மூடியது அந்தப் படியைத்தான் என்று சுகுமாறனுக்கு அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் பின்னாலேயே இரண்டடி வைத்தான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் மனைவி கௌசலா.

"பேசாம இரு தம்பி. நேற்று சீட் உறை தர பட்டறைக்கு வந்தனான் எல்லோ, நீ படியை மூடினதை அப்பவே பாத்திட்டன்."

"ஆன்டி, படி இல்லன்னா ஸ்பீடு வராது லா. என் பேரு நாறிடும்."

"வராட்டி நல்லது. பின் சீட்டில இருக்கிறது நான்."

படகு கல் ஏற்றிய லோரி மாதிரி தண்ணீரை உழுதுகொண்டு போனது. அரைமணி நேரம் கழித்துத் திரும்பிய விநாயகமூர்த்தியின் முகமெல்லாம் பல்.

"காத்து புகுற சத்தம் கேட்டதா, தம்பி? அதுதான் படி! மற்ற அஞ்சுக்கும் இதே வேலையைச் செய்."

சுகுமாறன் விழித்தான். மற்ற ஐந்திலும் படி இருக்குமே, அதையும் பூசி மூடுவதா? கௌசலா கரையேறி அவன் காதருகே வந்தாள்.

"தயங்காத. அந்த அஞ்சு வீட்டுப் பொம்பிளையளும் உன்ர நம்பரை வாங்கிட்டினம்."