அக்காவின் வலது கை

பக்கவாதத்தில் அக்காவுக்கு வலது கை விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெற்றவர்கள் போனபின் ஊரார் துணியைத் தைத்துத் தம்பியை ஆளாக்கிய கை அது.

தம்பி இப்போது பெரிய ஆராய்ச்சிக்காரர். சாப்பாட்டு மேசையில் பாதியை அவருடைய இயந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி உருண்டை தோல் திண்டில் உரசும். அதில் பிறக்கும் மின்சாரம் வெள்ளீயத் தகடு ஒட்டிய ஜாடிக்குள் போய்ச் சேரும். அது என்ன சரக்கு என்று ஒருவருக்கும் தெரியாத காலம். தெரியாததால்தான், எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்று ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.

நாற்பது நாளாக அந்த ஜாடியின் மின்சாரத்தை ஒரு கம்பி வழியாக அக்காவின் கையில் இறக்கிவந்தார். ஒவ்வொரு முறையும் விரல்கள் வெடுக்கென்று மடங்கின. முதல் நாள் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். இப்போது அறிஞர் சபைக்குக் கடிதம் தயார்: ‘நோயாளி குணமடைந்தார்.’ அக்காவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அன்று காலை சமையற்காரி, அப்போதுதான் அறுத்து உரித்த கோழியை மேசையில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். ஜாடியின் வெளித்தகட்டிலிருந்து தொங்கிய சங்கிலி கோழிக்கு அடியில் கிடந்ததைத் தம்பி கவனிக்கவில்லை. ஜாடி நிறைந்திருக்கிறதா என்று பார்க்கக் கம்பியை நீட்டினார். கம்பி கோழிக் காலில் பட்டது. கால் ஓங்கி உதைத்தது.

“ஐயோ! தலையில்லாத கோழி உதைக்குதே!” என்று சமையற்காரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவர் ஜாடியை நிரப்பி மறுபடியும் தொட்டார். அதே வெடுக். உடனே அதே தளர்ச்சி. அக்காவின் விரல்களும் அப்படித்தான் மடங்கின, அப்படித்தான் தொங்கின. கம்பியைக் கீழே வைத்துவிட்டு அக்காவிடம் போனார்.

பக்கத்து அறையில் அக்கா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இனிமே வேண்டாம்.”

“கோழி விஷயந்தானே? அவ போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.” அக்கா சிரித்தாள். “எனக்கு எப்பவோ தெரியும்டா. நீ கம்பிய வெச்சா மடங்கும், எடுத்தா தொங்கும். ஒரு தடவைகூட நானா மடக்கல.”

“அப்புறம் ஏன் தினமும் கைய நீட்டின? வலிக்கலையா?”

“உயிர் போற மாதிரி வலிச்சுது. ஆனா விரல் மடங்கினதும் உன் மொகம் மலரும் பாரு. அதுக்காகத்தான்.”

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கையெழுத்துக்காகப் பக்கத்தில் வைத்திருந்த கடிதத்தை அக்கா இடது கையால் இழுத்து அவர் மடியில் போட்டாள்.

“இத இப்படியே அனுப்பாத. இத நம்பி எவனாவது அவன் அக்காவையும் துடிக்க வெப்பான்.”

“சபையில என் பேரே கெட்டுப்போயிடும்க்கா.”

“கெடட்டுமே. பொய் எழுதவா உன்ன படிக்க வெச்சேன்?”

‘குணமடைந்தார்’ என்பதை அடித்தார். ‘நாற்பது நாளும் விரல்கள் மடங்கின. நோயாளி தானாக ஒருமுறையும் மடக்கவில்லை. செத்த கோழியின் காலும் இவ்வாறே உதைத்தது’ என்று எழுதினார். அக்கா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அவர், நாற்பது நாளில் முதல் முறையாக, கம்பி இல்லாமல் அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கை சும்மா கிடந்தது.